ஒகாசான் சொல்லச் சொன்னது

ஏப்ரல் 4, 2013
மட்சுயாமா, ஜப்பான்

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். சங்கரன்கோவிலில் பஸ் ஏறியதிலிருந்து நாற்பத்தொரு மணி நேரம். விமான நிலையத்தில் நிஷிமுரா தம்பதி என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார்கள். அட்டையை அந்த அம்மா பிடித்திருந்தார். ஐயா நான்கடி தள்ளி, வேறு யாரையோ அழைக்க வந்தவர் மாதிரி நின்றார்.

ஓராண்டுக்கு இவர்கள் வீட்டில் தங்கி இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும். அந்த அம்மாவை 'ஒகாசான்', ஐயாவை 'ஒதோசான்' என்று கூப்பிடச் சொல்லிக் கல்லூரியில் அனுப்பியிருந்தார்கள். இவர்கள் மொழியில் அம்மா, அப்பா. என் பெயர் கோமதி என்றதும் ஒகாசான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 'கோமா' என்றால் எள்ளாம். ஆக, நான் இனிமேல் கோமா-சான்.

ஒதோசானுக்கு அறுபத்து நாலு வயது. படகுக் கம்பெனி ஒன்றில் வேலை, அடுத்த மார்ச்சோடு ஓய்வு. ஒரே மகள் மாயுமி ஒசாகாவில் இருக்கிறாள். அவள் அறைதான் எனக்கு. ஆறரைக்கு ஒதோசான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் எழுந்து மாடிக்குப் போனபிறகு ஒகாசானும் நானும் சாப்பிட்டோம். இங்கே வழக்கம் அப்படி போல.

ஏப்ரல் 5

குளித்து முடித்துத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதே தண்ணீரில்தான் எல்லோரும் இறங்குவார்களாம். பாவம், ஒதோசான் துண்டோடு நின்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எனக்குப் பாடம் நடத்த இவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒகாசான் அடுப்படியில் இருந்துகொண்டு, "குளியல் தயார்னு ஒதோசான்கிட்ட சொல்லிடு" என்பார். நான் அதை முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறி அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்று சொல்வேன். அவர் என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, "பத்து நிமிஷத்துல வரேன்னு சொல்லு" என்பார். மறுபடி கீழே. இன்று மட்டும் பதினோரு வாக்கியம். ஆறு மாதம் வகுப்பில் படித்ததைவிட இந்தப் பத்து நாளில் படித்தது அதிகம். நல்ல மனிதர்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். "ஏட்டி, சாப்ட்டியா? என்னத்த சாப்ட்ட?" என்று அம்மா ஆரம்பிப்பதற்குள், "போன இங்க குடு. பிள்ளைட்ட ரெண்டு வார்த்த பேச விடுதியா நீ?" என்று அப்பா. "நீரு கடைக்குப் போவும். தாலுகா ஆபீசு வாசல்ல ஜெராக்ஸ் எடுக்க ஆளு நிக்கும்லா." "ஞாயித்துக்கெழம எவன்ட்டி நிக்கான்?" இரண்டு பேரும் சண்டை போட்டதில் எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. ஒரு வாய் வார்த்தை பேசவில்லை, ஆனாலும் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மே 7

திங்களும் வியாழனும் எரிகிற குப்பை. புதன் பிளாஸ்டிக். பாட்டில் மாதம் இரண்டு தடவை. தப்பாக வைத்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் குப்பைக்கு இரண்டு ஸ்டிக்கர். இரண்டும் என் கைங்கரியம்.

மே 19

இந்த வீட்டில் சத்தம் கிடையாது. காலையில் ரைஸ் குக்கர் ஒரு பாட்டுப் பாடி நிற்கும். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்நேரம் மோட்டார் போட்டது யார், நிறுத்தாமல் போனது யார் என்று ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்திருக்கும். பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும்போது அந்தச் சத்தம் கேட்கக்கூடாதென்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டவள் நான். இன்று ஜன்னலைத் திறந்துவைத்துப் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 16

மழை ஆரம்பித்து ஒரு வாரம். துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது.

இப்போது எனக்குப் பெரிய வாக்கியமாகக் கொடுக்கிறார்கள். "நீலச் சட்டை காலர் தேஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுடவான்னு கேளு." கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே காகிதக் கதவுதான். ஒதோசான் அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய், சட்டைக்குக் கழுத்து வலிக்கிறது, எறியலாமா என்று கேட்டுவைத்தேன். அவர் சிரிக்காமல், "காலரைத் திருப்பித் தைச்சா இன்னும் ஒரு வருஷம் வரும்னு சொல்லு" என்றார். நான் உளறியும் சரியான பதில் எப்படி வந்தது? ஒகாசான் சொன்னது அவருக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். பரீட்சை வைக்கிற வாத்தியாருக்கு விடை தெரிந்திருக்கத்தானே செய்யும்.

ஜூலை 9

'என் வீடு' என்ற தலைப்பில் வகுப்பில் பேசச் சொன்னார்கள். இவர்கள் எனக்கு மொழி கற்றுத்தரும் முறையைப் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை மறுபடி துடைத்தார். நல்ல வெயில் இன்று.

ஆகஸ்ட் 14

இறந்த பெரியவர்களை வீட்டுக்கு அழைத்துக் கும்பிடும் பண்டிகை. மாயுமி இரண்டு நாள் வந்திருக்கிறாள். இருபத்தெட்டு வயது, அப்பாவின் மூக்கு, அம்மாவின் சிரிப்பு. சாமி மாடத்துக்கு, பெரியவர்கள் ஏறி வர, வெள்ளரிக்காயில் குச்சி செருகிக் குதிரை செய்யக் கற்றுக்கொடுத்தாள். என் குதிரைக்கு மூன்று காலும் வயிற்றில் ஓட்டையும்.

ஆகஸ்ட் 15

மாயுமி ஊருக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாமல் படிக்க உட்கார முடியவில்லை.

நேற்று மதியம் நான் மாடிக்கும் அடுப்படிக்குமாய் நடப்பதை அவள் தர்பூசணி அறுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை இறங்கி வந்தபோது கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள்.

"உனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கறாங்கன்னா நினைச்ச?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "பன்னிரண்டு வருஷமா இவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினதில்ல, கோமா-சான். முதல் ரெண்டு வருஷம் உன் வேலையை நான் பார்த்தேன். பதினெட்டு வயசானதும் ஒசாகாவுக்கு ஓடிட்டேன். அப்புறம் ஃபிரிட்ஜ்ல துண்டுச் சீட்டு."

நடந்தது இதுதான். ஒகாசானின் அப்பா உவாஜிமாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர். இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புயல் நாளில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வீட்டுத் தொலைபேசி செத்துவிட்டதால் ஒகாசானின் தம்பி ஒதோசானின் அலுவலகத்துக்குப் பேசினார். அக்காவை உடனே அனுப்புங்கள், அப்பா தாங்க மாட்டார் என்றார். அப்போது காலை பத்து மணி. ஒதோசான் வீட்டுக்கு வந்து சொன்னது ராத்திரி ஏழு மணிக்கு. பெரியவர் நாலு மணிக்கே போய்விட்டார்.

"அம்மா அழக்கூட இல்ல. இனி உங்ககிட்ட எனக்குச் சொல்றதுக்கு எதுவுமில்லன்னாங்க. அப்பாவும் சரின்னுட்டாரு."

"ஏன் ஒரு நாள் முழுக்க சொல்லாம இருந்தாரு?"

"தெரியாது. கேட்டாத்தானே சொல்வாரு" என்றாள் மாயுமி.

என் ஜப்பானிய அகராதியில் 'பிரிவு' என்ற பக்கத்தைப் பார்த்தேன். கணவன் மனைவி பிரிவதற்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது. இரண்டே எழுத்து. இப்போது எனக்கு எழுதவும் வரும்.

ஆகஸ்ட் 18

கோபமாக இருந்தது. குழாய் மாதிரி என்னை நடுவில் வைத்திருக்கிறார்கள். காலையில், "முட்டை ஒண்ணா ரெண்டான்னு கேளு" என்றார் ஒகாசான். "ரெண்டு" என்று போகாமலே சொல்லிவிட்டேன். ஒதோசான் இரண்டையும் சாப்பிட்டார்.

செப்டம்பர் 3

எங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுபோவதுண்டு. மூன்று நாளைக்கு மேல் தாங்காது. மூன்றாம் நாள் அம்மா, "அந்த மனுசன கொட்டிக்க வரச் சொல்லுட்டி" என்பாள். நான் கடைக்கு ஓடி, "அப்பா, அம்மா உங்களுக்குப் பிடிச்ச நெத்திலிக் கொழம்பு வச்சிட்டு உக்காந்திருக்கா" என்பேன். அப்பா அரைக்கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேரியரில் உட்காரவைத்துச் சைக்கிளை மிதிப்பார். முதுகு வேர்வையும் இங்க் வாசமும் சேர்ந்து அடிக்கும். அப்போது எனக்கு ஏழு வயது. அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடித்ததில்லை.

இன்று காலை ஒகாசான், "மழை வரும்னு சொல்லு" என்றார். நான் போய், "நீங்க நனைஞ்சிடுவீங்கன்னு ஒகாசான் கவலைப்படுறாங்க" என்றேன். ஒதோசான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. "குடை ஆபீஸ்ல இருக்குன்னு சொல்லு" என்றார்.

உள்ளே போய், "குடை ஆபீஸ்ல இருக்காம். ரொம்ப நன்றின்னார்" என்றேன்.

ஒகாசான் மிசோ சூப் கிளறுவதை நிறுத்தவில்லை. ஆனால் கொதிக்கவிட்டுவிட்டார். கொதித்தால் ருசி போய்விடும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

அக்டோபர் 12

ஒதோசான் சீமைப் பனிச்சம்பழம் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். ஒகாசானுக்குப் பழுத்துக் குழைந்தது பிடிக்கும் என்று நான் போன வாரம் அவரிடம் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. ஒகாசான் அதை என்னிடம் சொல்லியிருந்தார், ஒதோசானிடம் சொல்லச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆறு பழமும் குழைந்த பழம். ஒகாசான் ஒன்றைக் கரண்டியால் தோண்டித் தின்றுவிட்டுத் தோலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் திறமை இருக்கிறது.

நவம்பர் 15

மலைப்பக்கம் மேப்பிள் இலைகளெல்லாம் சிவந்துவிட்டன. "இலை பார்க்கப் போகணும்னு தோணுது, போய் எத்தனை வருஷமாச்சு" என்று ஒகாசான் பாத்திரம் துடைத்தபடி சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

நான் மாடிக்குப் போய், "ஞாயிற்றுக்கிழமை காலையில இலை பார்க்கப் போகலாமான்னு ஒகாசான் கேட்கறாங்க" என்றேன்.

கதவுக்கு உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு, "எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஒன்பது" என்றேன்.

ஒகாசானிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

சொல்லவில்லை. நேற்று முழுக்க ஒகாசானுக்குப் பாட்டுக் குழு ஒத்திகை. சாயங்காலம் விருந்தாளி. இன்று காலை எழுந்து வருவதற்குள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி ஒத்திகைக்குப் போய்விட்டார்.

ஒதோசான் எட்டே முக்காலுக்கு இறங்கி வந்தார். முகம் மழித்து, வெளிர் சாம்பல் கோட்டு போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். ஷூ மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோட்டு கசங்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் படிக்கட்டில் நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒன்பது அடித்தது. ஒன்பதேகால் ஆனது. ஒகாசானின் சைக்கிள் நிற்கும் இடம் காலியாக இருப்பதை அவர் கதவுக் கண்ணாடி வழியே ஒரு தடவை பார்த்தார்.

ஒன்பது இருபத்தைந்துக்கு என் பக்கம் திரும்பினார்.

"கோமா-சான், ஒகாசான் அப்படிக் கேட்டாளா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"சரி" என்றார். ஷூவைக் கழற்றி, வழக்கம்போல வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, மாடி ஏறிப் போனார். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 18

யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜில் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒதோசான் கையெழுத்து: 'இரவு உணவு வேண்டாம்.'

நவம்பர் 21

விடுதியில் இடம் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒகாசானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடை, நன்றி, இலை. இலக்கணமெல்லாம் உடைந்து வந்தது. அவர் முள்ளங்கி துருவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"நாற்பது நிமிஷம்."

"சாம்பல் கோட்டா?"

"ஆமா."

துருவியில் முள்ளங்கி தீர்ந்து விரல் பட்டுவிட்டது. ரத்தம் வந்தது. நான் பிளாஸ்திரி எடுத்து வந்து ஒட்டிவிட்டேன். "விடுதிக்குப் போகாதே" என்றார். அது எப்படித் தெரிந்ததோ.

டிசம்பர் 15

உவாஜிமாவிலிருந்து ஒகாசானின் தம்பி அனுப்பிய ஆரஞ்சு இரண்டு பெட்டி. என் விரல் நுனியெல்லாம் மஞ்சள். போர்வை போட்ட தாழ்ந்த மேசை, அடியில் ஹீட்டர். காலை உள்ளே நீட்டிக்கொண்டு ஒகாசானும் நானும் உரித்துத் தின்றோம்.

"மார்ச்சுல அவருக்கு வேலை முடியுது. அதுக்கப்புறம் நான் உவாஜிமா போயிடலாம்னு இருக்கேன். அப்பாவோட வீடு சும்மா கிடக்கு. பிரியறதுக்கான தாளெல்லாம் வாங்கி வச்சிட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ அவர்கிட்ட சொல்றியா? நீ சொன்னா குத்தாது" என்றார்.

"என்னால முடியாது, ஒகாசான். எனக்கு அந்த வார்த்தை தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஆரஞ்சை எடுத்தேன்.

ஜனவரி 1, 2014

புத்தாண்டு. மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். இந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் அப்படியாம். அரிசிக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று, தொண்டையில் ஒட்டும். அம்மா போனில், "பொங்கலுக்குப் பானை நீதாம்ட்டி வாங்குவ. இந்த மனுசன் ஓட்டப் பானைய வாங்கிட்டு வருவாரு" என்றாள். அப்பா பின்னாலிருந்து ஏதோ கத்தினார். போனை வைத்துவிட்டு அழுதேன். ஒதோசான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒகாசான் என் பின்னால் வந்து நின்றார். ஏதோ சொல்லி அனுப்பப் போகிறார் என்று ஈரக்கையைத் துடைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் காகிதக் கதவைத் திறந்தார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

பேப்பர் மடிக்கிற சத்தம். "ம்" என்றார் ஒதோசான்.

நான் குழாயைத் திறந்துவிட்டேன். அரிசி நாலு தடவை களைந்தாயிற்று, ஐந்தாம் தடவை களைந்தேன். ஒகாசானின் குரல் கொஞ்ச நேரம்தான். பிறகு ஒதோசானின் குரல். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் சரியாக விழவில்லை. 'பாதி வழி' என்ற சொல் இரண்டு தடவை. 'டிராம் நின்றுவிட்டது', 'வீட்டுக்கு நடந்தேன்'. பிறகு, 'ஒரு படகிலிருந்து தகவல் இல்லை என்று ஆள் ஓடி வந்தான்', 'திரும்பிப் போனேன்'. படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் சொன்னார். எண் பிடிபடவில்லை.

குழாயை மூடலாமா என்று தெரியவில்லை.

"ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று ஒகாசான் கத்தினார். அது தண்ணீரைத் தாண்டிக் கேட்டது.

"நீ கேட்கல" என்றார் அவர். பிறகு, "பாதி வழி வந்தவன் வராதவன்தான்" என்றார்.

சோறு குழைந்துவிட்டது.

மார்ச் 31

ஒதோசானுக்குக் கடைசி நாள். ஒரு பூங்கொத்தோடு வந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் குழந்தையைத் தூக்கி நிற்பவர் மாதிரி கூடத்தில் நின்றார். "இப்படிக் கொடுங்க" என்று ஒகாசான் வாங்கிக்கொண்டார்.

முடிவில் மாற்றமில்லை. நாளை ஒகாசான் உவாஜிமா போகிறார். அட்டைப் பெட்டி ஒன்பது. டேப் ஒட்டியது நான்.

ஏப்ரல் 1

காலையில் ஒதோசான் காரில் பெட்டிகளை ஏற்றினார். ஒகாசான் முன் சீட்டில். ஒகாசானை இறக்கிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவேன் என்றார். நான் தனியாக வீடு பெருக்கினேன். சாமான் எடுத்த இடங்களில் தரைப்பாய் வேறு நிறமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

இன்று மதியம்தான் திரும்பி வந்தார். அங்கே ஜன்னல் ஷட்டர் துருப்பிடித்து மாட்டிக்கொண்டதாம். சரி செய்ய ஒரு நாள் ஆகிவிட்டதாம். கையில் துரு இல்லை.

ஏப்ரல் 3

விமான நிலையம். ஒகாசான் ரயிலில் வந்து சேர்ந்தார். எனக்கு ஒரு டப்பாவில் சோற்று உருண்டை, ஆறு. இரண்டு பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று குனிந்து வணங்கினார்கள். நானும் குனிந்தேன். நிமிர்ந்தேன், அவர்கள் மறுபடி குனிந்தார்கள், நானும் மறுபடி. முடிவே இல்லாமல் போனது. சோதனை அதிகாரி தொட்டுக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 20, சங்கரன்கோவில்

ரைஸ் குக்கர் பாடும் பாட்டு காதில் வந்துகொண்டே இருக்கிறது. காலையில் மோட்டார் சண்டைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டு அமைதியை நினைத்தேன். அப்போது அதை எவ்வளவு வெறுத்தேன்.

"அங்கன புருசன் பொண்டாட்டி எப்படி, ஒத்துமையா இருக்காவளா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல இருக்காவ."

"இதென்னட்டி குடித்தனம்!"

தேங்காய் துருவிக்கொடுத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கல்லூரி விடுதி. துணி ஊறவைத்திருந்தேன். போனில் ஜப்பான் எண். நுரைக் கையோடு எடுத்தேன்.

"கோமா-சான்!" ஒகாசான். உவாஜிமாவிலிருந்து. ஆரஞ்சு பறிக்கும் காலம், மலை முழுக்க மஞ்சள், இந்த வருஷம் காய்ப்பு அதிகம் என்றார். தனியாகவா பறிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஆனா வந்துடறாரு. திங்கக்கிழமை போறேன்னு சொல்றாரு, புதன்கிழமைதான் போறாரு. ஏணியில ஏறத் தெரியல, நேத்து கிளையோட..."

"கிளை ஏற்கெனவே பட்டுப் போனது." ஒதோசானின் குரல். பக்கத்திலேயே நிற்கிறார் போல.

"பட்டுப் போகல. கோமா-சான், நீ இருந்திருந்தா பார்த்திருப்ப, நல்ல பச்சைக் கிளை..."

"அவளுக்கு ஒரு பெட்டி அனுப்பணும், முகவரியைக் கேளு."

"அதான் கேட்கப் போறேன், அதுக்குள்ள நீங்க..."

ஒருவர் முடிக்கும் முன் மற்றவர். வேகமாக, உவாஜிமாப் பக்கத்துப் பேச்சில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டு. ஓராண்டு அவர்கள் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சுமந்தவள் நான். இன்று எனக்கு ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. 'ஆமாம், ஆமாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கையில் நுரை காயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.